ஐயா வைக்காத குழை

பேய்ப்படக்காரன் என்று என்னைச் சொல்கிறார்கள். சொல்லட்டும். வேறு படம் எடுக்கத் தெரியாமல் நான் பேய்ப்படம் எடுக்கவில்லை. தாய் அழ, தங்கை அழ, கடைசியில் பார்க்க வந்தவர்களும் அழுதுகொண்டு போகிற கதைகளை எத்தனையோ பேர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். அழவைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மனிதன் எதற்குப் பயப்படுகிறான் என்று காட்டத்தான் ஆளில்லை.

என்னிடம் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. பேய் உச்சி வெயிலில்தான் வரும், இது முதலாவது. கதையில் வரும் கிழவன் கடைசியில் மண்டியிட மாட்டான், இது இரண்டாவது. இந்த இரண்டாலும் நான் எடுத்த படங்களைவிட இழந்த படங்கள் அதிகம். ஒரு தயாரிப்பாளர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, நடுச்சாமம், நிலா, வெள்ளைச் சேலை, இந்த மூன்றையும் மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார். மத்தியானத்தில் எவன் பயப்படுவான் என்று கேட்டார். நான் பயந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்து எழும்பி வந்தேன்.

ஆனால் ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாவது நிபந்தனை என் முதல் படத்தில் இல்லை. முதல் படத்தில் கிழவன் மண்டியிட்டான். அதற்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில், கிளிநொச்சிக்கு மேற்கே, ஸ்கந்தபுரத்துப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேற்றிய கொலனி ஒன்றில் எங்களுக்கும் காணி கிடைத்தது. வாய்க்காலோடு மூன்று ஏக்கர் வயல், வீடு கட்ட ஒரு மேட்டுத் துண்டு. எங்கள் அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா யாழ்ப்பாணத்தில் பிறத்தியாருடைய தோட்டத்தைக் குத்தகைக்குச் செய்தவர். காணிக்காரரின் படலைக்கு முன்னால் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கூப்பிடும்வரை நிற்பார். நான் பின்னால் நின்று அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொலனிக்கு வந்த அன்று சாமான்களை இறக்கிவிட்டு அந்தச் சால்வையைத் தோளில் போட்டபடி வயலின் நடுவில் போய் நின்றார்.

“இனி நெல்லு வெட்ட மட்டுந்தான் குனிவன்” என்றார்.

அம்மா சிரித்தா. எனக்கு அப்போது இருபது வயது. சிரிக்கத் தோன்றவில்லை.

கொலனியிலிருந்து பஸ் ஓடும் தெருவுக்குப் போக இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், காட்டுப்பாதை. நடுவழியில் ஒரு பெரிய பாலைமரம். எங்களுக்கு முன்பே பரம்பரை பரம்பரையாக அந்தப் பகுதியில் இருந்தவர்களின் பழைய ஊர் ஒன்று, மல்லாவிக்குப் போகிற வழியில் இருந்தது. அந்த ஊர்ச் சனம் பாலைமரத்தைத் தாண்டும்போதெல்லாம் பக்கத்துச் செடியில் இலையும் கொப்புமாக ஒரு குழை முறித்து மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். காட்டுக்குள் போகிறவனை ஐயனார் பார்த்துக்கொள்வார் என்பது கணக்கு. கோயிலும் இல்லை, கல்லும் இல்லை. குழைதான். எத்தனை தலைமுறையின் குழையோ, அடியில் மக்கி, மேலே காய்ந்து, உச்சியில் பச்சையாக, ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. வந்த புதிதில் எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்குக் குழை என்றால் பசளை. வண்டி வண்டியாகக் குழை வாங்கிப் புகையிலைத் தோட்டத்து மண்ணுக்குள் தாழ்த்துகிறவர்கள் நாங்கள். நல்ல குழையைக் கண்டால் ஐயாவுக்குக் கைகள் சும்மா இருக்காது. காட்டுப்பாதையின் ஓரத்தில், கேட்பாரில்லாமல், மக்கின குழை ஒரு மலையாகக் கிடக்கிறது. ஐயா மாட்டுவண்டியைக் கட்டிக்கொண்டு போய், மண்வெட்டியால் அள்ளி, மூன்று நடையில் அவ்வளவையும் கொண்டுவந்து வயலில் தாழ்த்தினார். நானும் கூட நின்று அள்ளினேன். இந்தக் காட்டுச் சனத்துக்குப் பசளையின் அருமை தெரியவில்லையே என்று ஐயா கவலைப்பட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நாலாம் நாள் விஷயம் தெரியவந்தது. பழைய ஊரிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. அந்த ஊரில் நெல் அறுக்கப் போகும் அரிவுவெட்டுக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அவர் சத்தம் போடவில்லை. யாருடைய குழை அது என்பதை மட்டும் பொறுமையாகச் சொன்னார். ஐயாவின் முகம் கறுத்தது. தெரியாமல் நடந்தது என்று சொல்லிவிட்டார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் வந்தவர், வீட்டுக்காரர் வந்து மரத்தடியில் மண்டியிட்டு ஒரு குழை வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

மண்டியிட வேண்டும் என்ற சொல்லோடு ஐயா எழும்பிவிட்டார். தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லியாயிற்று, அதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டேன் என்றார். வந்தவர் அம்மா கொடுத்த செம்புத் தண்ணீரைக் குடிக்காமல் போனார்.

அந்த மாரிமழைக் காலபோகத்தில் எங்கள் நெல் விளைந்த விளைச்சலைக் கொலனி அதற்கு முன்பு பார்த்ததில்லை. நெஞ்சளவுக்கு வளர்ந்தது. ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. பசளை போட்டால் பயிர் வளரும், இதில் என்ன அதிசயம் என்று வாய்க்கால் கட்டின் மேல் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சனத்துக்கு அது அப்படிப் படவில்லை. ஐயனாரின் குழையைத் தின்று வளர்ந்த நெல் என்று கதை பரவியது. பிறகு யானைகள் வந்தன. பக்கத்து வயலை மிதித்து நாசமாக்கிவிட்டு எங்கள் வரம்போடு திரும்பிப் போயின. அடுத்த நாள் காலையில் அந்தக் கால்தடங்களைப் பார்க்கக் கொலனி முழுக்கத் திரண்டது. ஒருவரும் எங்கள் வரம்பில் ஏறவில்லை. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பயந்தேன்.

மாசி பிறந்தது. கதிர் பழுத்துத் தலை சாய்ந்தது. வெட்ட ஆள் இல்லை. பழைய ஊர்க்காரர் வரவில்லை. அவர்கள் வராததால் கொலனிக்காரரும் ஆளுக்கொரு சாட்டுச் சொன்னார்கள். அந்த நெல்லை வெட்டுகிறவனின் கை விளங்காது என்று கதை. நாங்கள் இருந்ததோ அரசாங்கம் அனுமதிச் சீட்டில் தந்த பெர்மிற் காணி. விளைந்ததை ஒழுங்காக எடுக்காதவனிடமிருந்து காணியைப் பறித்து அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்த காலம். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு குழி நிலம்கூட இல்லை.

அம்மாதான் கேட்டா. “ஒரு குழைதானே. வைச்சிட்டு வாங்கோவன்.”

“ஒரு குழைதான். அதாலைதான் வைக்கமாட்டன்” என்றார் ஐயா.

அடுத்த நாள் அரிவாளை எடுத்துக்கொண்டு தனியே வயலுக்குள் இறங்கினார். என்னை வா என்று கூப்பிடவில்லை. நான் வருவேன் என்று நினைத்திருப்பார். நான் போகவில்லை. அம்மா தந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உச்சிப்பொழுதில் போய் வரம்பில் நின்றேன். வெயில் கொளுத்தியது. கண்ணுக்கெட்டின தூரம் நெல். ஒரு குருவியும் இல்லை, ஒரு மனிதரும் இல்லை. ஆனால் அரிவாளின் சத்தம் மட்டும் கேட்டது. சர்க், சர்க், சர்க். உயரமான நெல்லுக்குள் குனிந்து வெட்டிக்கொண்டிருந்த ஐயாவின் தலை வெளியே தெரியவில்லை. அது ஐயாதான் என்று எனக்குத் தெரியும். கதிர்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து அந்தச் சத்தம் என்னை நோக்கி வந்தது. சாப்பாட்டை வரம்பில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

பெற்ற தகப்பனைப் பார்த்துப் பயந்து ஓடினவன் நான். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. அப்போது வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் அப்படியே போனது. ஒருவர் வெட்டி முடிக்கிற வயலா அது? பின்வரிசைக் கதிர்கள் உதிரத் தொடங்கின. ஐயாவின் கை பொக்களித்து அம்மா துணி சுற்றிவிட்டா. மூன்றாம் நாள், அதே உச்சி வெயிலில், அவர் வயலில் நின்ற நேரம் பார்த்து நான் பாலைமரத்துக்குப் போனேன். சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஒரு குழையை முறித்து வைத்து, மண்டியிட்டு, மன்னிக்கச் சொல்லிக் கும்பிட்டேன். அங்கிருந்து நேரே பழைய ஊருக்கு நடந்து, அந்தத் தலைவரின் வீட்டு வாசலில் நின்று, ஐயாதான் குழை வைக்கச் சொல்லி என்னை அனுப்பினார் என்று சொன்னேன். ஐயாவுக்குக் கை காயம், அதனால்தான் தானே வரவில்லை, தன் சார்பில் மண்டியிடச் சொன்னார் என்றும் சேர்த்தேன். பொய் எவ்வளவு இலகுவாக வந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

விடிய அவர்கள் வந்துவிட்டார்கள். ஆணும் பெண்ணுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள், அரிவாளோடு, பாட்டோடு. ஐயா வரம்பில் நின்று பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. மனிதன் நிமிர்ந்து நின்றால் ஊர் இறங்கி வரும் என்று அன்று சாப்பிடும்போது எனக்குச் சொன்னார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஐயாவும் அந்தத் தலைவரும் நல்ல சிநேகிதர்கள். மகனை அனுப்பி ஐயா மண்டியிட்டுவிட்டார் என்று தலைவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் இறங்கி வந்துவிட்டார் என்று ஐயா நினைத்துக்கொண்டிருந்தார். மரியாதையின் காரணமாக இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. பாலைமரத்தைத் தாண்டும்போது ஐயா நேரே பார்த்துக்கொண்டு போவார். ஒருமுறையும் குழை வைத்ததில்லை.

அந்தச் சிரிப்பை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அடுத்த வருஷம் தலைமன்னாரில் கப்பலேறிச் சென்னைக்குப் போனேன். சினிமா ஆசையில் போனேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்மைதான். விளக்குத் தூக்கினேன், கொமடி நடிகர்களுக்குக் குடை பிடித்தேன், கதை சொல்லிச் சொல்லி உதவி இயக்குநர் ஆனேன். அறுபதுகளில் ஒருவர் துணிந்து எனக்கு ஒரு படம் தந்தார். சின்னப் படம். கதை எதுவென்று நான் யோசிக்கவே இல்லை.

குழை அள்ளி வயலுக்குப் போட்ட கமக்காரன் ஒருவனின் கதை. உச்சி வெயில், ஆளில்லாத வயல், அரிவாளின் சத்தம், சாய்ந்துகொண்டு வரும் கதிர்கள். அந்த ஒரு காட்சியை எடுக்க ஆறு நாள் சண்டை போட்டேன். இரவில் எடுக்கலாம் என்றவர்களையெல்லாம் வெயிலில் நிறுத்தி வைத்து எடுத்தேன். அதில் நான் ஒரு மயிரிழை இறங்கவில்லை.

முடிவில்தான் இறங்கினேன். சாமியை எதிர்த்தவன் கடைசியில் மண்டியிட்டுக் குழை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டகையில் கல்லெறிவார்கள் என்றார் தயாரிப்பாளர். நான் சண்டை போடவில்லை. குழை வைக்கப்பட்டது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடிகருக்கு ஐயாவின் நடையைச் சொல்லிக்கொடுத்தேன். அரிவாளைத் தொடையில் துடைக்கும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மண்டியிடச் சொன்னேன். படப்பிடிப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். ஐயா சினிமா பார்க்கிறவர் இல்லை என்ற தைரியம் எனக்கு.

படம் ஓடியது. கிளிநொச்சிக்கும் வந்தது. நானும் வந்திருந்தேன். மகன் எடுத்த படம் என்று அம்மா பிடிவாதம் பிடித்து ஐயாவை மட்னி காட்சிக்குக் கூட்டி வந்துவிட்டா. பழைய ஊர்ச் சனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. அந்தத் தலைவர் எங்களுக்கு முன்வரிசையில் இருந்தார். வயல் காட்சி வந்தபோது கொட்டகையில் மூச்சுச் சத்தமும் இல்லை. பெண்கள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐயாவைப் பார்த்தேன். அவர் முன்னால் சாய்ந்து, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கிழவன் சால்வையை இடுப்பில் கட்டினான். மண்டியிட்டான். விடிய வெட்டுக்காரர் பாட்டோடு வந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த தலைவர் திரும்பி ஐயாவைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். அன்றைக்கு நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்லும் தலையாட்டு. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பினார்கள். எல்லோருடைய முகத்திலும் அன்புதான் இருந்தது. ஐயா அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கால் கழுவும்போது கேட்டார்.

“அந்தக் குழையை வைச்சது நீயோ?”

“ஓம் ஐயா.”

“நான் அனுப்பினனெண்டு சொன்னனியோ?”

“ஓம்.”

நெல் உதிர்ந்து கொண்டிருந்தது, காணி போயிருக்கும், அம்மா பட்டினி கிடந்திருப்பா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ பயந்ததைப் பிழையெண்டு நான் சொல்லேல்லை. பயந்தது நீ. அதுக்கு என்ரை முகத்தை ஏன் போட்டனீ?”

எத்தனையோ விமர்சனங்கள் வாசித்திருக்கிறேன். குப்பை என்று எழுதினவர்கள் உண்டு. ஒன்றும் என்னைத் தொட்டதில்லை. கிணற்றடியில் கேட்ட அந்தக் கேள்வி இன்னும் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அன்று நான் அழுதேன். ஐயா துவாயை என் பக்கம் எறிந்துவிட்டு உள்ளே போனார்.

இரண்டு நாள் கழித்து நான் திரும்பிப் போகும் நாள். மத்தியானத்து பஸ்ஸுக்கு ஐயாவே வண்டியைக் கட்டினார். பாலைமரத்தடிக்கு வந்தபோது பழைய ஊர்க்காரர் நாலைந்து பேரும் அந்தத் தலைவரும் தெருப்பக்கம் போகிற வழியில் குழை வைக்க நின்றிருந்தார்கள். ஐயா அங்கே ஒருநாளும் நிறுத்தாதவர், வண்டியை நிறுத்தினார். இறங்கி, சால்வையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, தலைவரிடம் போனார்.

“அண்டைக்கு நான் ஒருத்தரையும் அனுப்பேல்லை. மண்டியிடவும் இல்லை. இவன் தன்ரை பயத்திலை வைச்சவன். நீங்கள் இனி வெட்ட வராட்டிலும் பரவாயில்லை. தெரிஞ்சிருக்கோணும்.”

தலைவர் ஐயாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போகாமல் அங்கேயே நின்றார். ஐயா என் பக்கம் திரும்பினார்.

“வைக்கிறதெண்டால் இப்ப வை. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். ஒளிச்சு வைக்காதை.”

சரியான உச்சி வெயில். மரத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பயமில்லை என்று காட்டிவிட்டுப் போயிருக்கலாம். பயம் இருந்தது. நான் இறங்கி, எல்லோரும் பார்க்க ஒரு குழையை முறித்து, மண்டியிட்டு மரத்தடியில் வைத்தேன்.

ஐயா மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்று பார்த்தார். நான் எழும்பி முழங்கால் மண்ணைத் தட்டும்வரை பொறுத்திருந்தார்.

“ஏறு” என்றார். “பஸ் போயிடும்.”